செவலைக்கு ஊசி போடவில்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை டாக்டர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கே தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்று நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளத்தான் போகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அடக்கமாகவே இருக்க வேண்டும் என்றால் எதற்கு ஓய்வு?

தொண்ணூற்றாறில் பெரியகுளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு முதல் அதிகாரியாக இருந்தவர் வெற்றிலை போடுகிறவர். வாயைத் திறந்தால் சட்டை பாழாகும் என்பதால் குறைவாகத்தான் பேசுவார். நான் வந்த புதிதில் இருமிய ஆட்டுக்கும் ஊசி, தும்மிய மாட்டுக்கும் ஊசி என்று சுறுசுறுப்பாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "ஊசி போடக் கத்துக்க ஒரு வாரம் போதும்மா. போடாம இருக்கக் கத்துக்கத்தான் அத்தனை வருசம் காலேஜு" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேலை செய்கிற பிள்ளையைப் பார்த்து வேலை செய்யாதே என்கிறாரே, இவர் என்ன மனுஷன் என்று வீட்டில் போய்ப் புலம்பினேன்.

அவர் சொன்னதில் பாதியை, அடுத்து மாற்றலாகிப் போன காமயகவுண்டன்பட்டியில் ஒரு கலப்பினப் பசு எனக்குப் புரியவைத்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மாடு. மடிநோய். காம்பில் திரித்திரியாகப் பால் வந்தது. மருந்து கொடுத்தேன், ஐந்து நாளைக்குச் சேர்த்து. இரண்டாம் நாள் பால் வெள்ளையாகிவிட்டது. தோட்டக்காரர் கெட்டிக்காரர், மிச்ச மருந்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார். அடுத்த மாதம் நோய் திரும்பி வந்தது. வைத்திருந்த மிச்சத்தை அவரே போட்டார், நோய் குறைந்ததும் நிறுத்தினார். மூன்றாம் தடவை என்னைக் கூப்பிட்டபோது அதே மருந்தை முழுசாகப் போட்டும் நோய் அசைந்து கொடுக்கவில்லை. பாலை ஆய்வுக்கு அனுப்பினேன். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று நான் கேட்க, எதற்கெல்லாம் சாகாது என்று நீளமாகப் பதில் வந்தது.

"மருந்து டூப்ளிகேட்டு போலிருக்கும்மா, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் தோட்டக்காரர்.

"மருந்து அப்படியேதாண்ணே இருக்கு. உள்ள இருக்கிறவன்தான் மாறிட்டான்" என்றேன்.

அவருக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் விவசாயிகளிடம் இதைத்தான் சொல்லியாக வேண்டும். வயலில் களை எடுக்கிறோம். மேலாகப் பிடுங்கினால் லேசான களையெல்லாம் கையோடு வந்துவிடும். கோரை மட்டும் கிழங்கோடு உள்ளேயே நிற்கும். மற்ற களை போய் இடமும் காலியானதும், கோரை வயல் முழுக்கப் படர்ந்துவிடும். பாதி மருந்தோடு நிறுத்துகிறவர் கோரைக்குப் பாத்தி கட்டிக் கொடுக்கிறார். அந்த மாட்டுக்கு ஒரு காம்பு கடைசி வரை திரும்பவில்லை.

ஆனால் இதுவரை சொன்னது மருந்தை முழுசாகப் போடுங்கள் என்ற பாடம்தான். போடாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமான வேலை. அதற்குத்தான் வருகிறேன்.

நான் சின்னமனூர் பக்கம் மாற்றலாகி வந்து சில வருடம் கழித்து நடந்தது. நீங்கள் வெளியூர்ப் பிள்ளைகள் என்றால் மலைமாட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சின்ன உடம்பு, கூரான கொம்பு, கயிற்றுக்கு அடங்காத குணம். மழைக்காலம் முழுக்கக் காட்டில் மேயும். அறுவடை முடிந்ததும் மந்தை மந்தையாகக் கீழே இறங்கி வரும். அறுத்த வயலில் ராத்திரி மாடுகளை மடக்கி வைப்பார்கள், சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரமாகும். இதைத்தான் கிடை போடுவது என்பார்கள். கிடை கீழே இருக்கும் அந்தக் கொஞ்ச நாளில்தான் நாம் தடுப்பூசி போட முடியும். மேலே ஏறிவிட்டால் யார் பின்னால் ஓடுவது?

மார்க்கையன்கோட்டையைத் தாண்டி ஒரு வயலில் பெருமாயியின் கிடை கிடந்தது. பெருமாயிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். புருஷன் போன பிறகு மந்தையைத் தானே நடத்தினாள். அவளுக்கு உதவியாக இருந்தவன் கொழுந்தன் சடையன். அந்த மந்தையை விட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு நிலமோ தொழிலோ கிடையாது. மந்தைக்கு முன்னால் போகிற மாடு செவலை. செவலை காட்டுக்குள் நடந்தால் மற்றதெல்லாம் வரிசையாகப் பின்னால் வரும், அது நின்றால் எல்லாம் நிற்கும். பெருமாயி அதை வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

அந்தப் பக்கம் எப்போதாவது அடைப்பான் நோய் தலைகாட்டும். ஆந்த்ராக்ஸ் என்று நீங்கள் படித்ததுதான். காலையில் மேய்ந்த மாடு மாலையில் செத்துக் கிடக்கும். அதனால் கிடை இறங்கியதும் நானும் எங்கள் கால்நடை ஆய்வாளரும் போய்த் தடுப்பூசி போட்டு வந்தோம். முதுகு முறிகிற வேலை. என் புடவையைக் கொம்பில் குத்திக் கிழித்த மாடும் உண்டு. எல்லாம் முடித்துவிட்டுச் சாதித்த மிதப்பில் வீட்டுக்கு வந்தேன்.

நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். காலையில் ஆஸ்பத்திரியைத் திறக்கும்போதே சைக்கிளில் ஆள் வந்து நிற்கிறான். கிடையில் ஒரு மாடு செத்துவிட்டது, மூக்கில் ரத்தம் வருகிறது என்றான். ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு அப்படியே ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது சடையன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தோலை உரித்துவிட்டுப் புதைக்கலாம் என்று ஏற்பாடு. "ஏலே, கத்தியக் கீழ போடு!" என்று வரப்பிலிருந்தே நான் கத்திய கத்தலுக்கு அங்கிருந்த நாய் எழுந்து ஓடியது. அறுத்திருந்தால் அந்த ரத்தத்தோடு நோயும் மண்ணில் இறங்கிப் பிள்ளை குட்டிக் காலம் வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கும். உரித்தவன் கையிலும் புண்ணாக ஏறியிருக்கும். செத்த மாட்டின் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்து ஆய்வாளரிடம் கொடுத்து அனுப்பினேன். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, மூங்கில் கணுவை வரிசையாகக் கோத்த மாதிரி தெரிகிறது மேடம் என்று வந்து சொன்னார். அடைப்பான்தான்.

பெருமாயி அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"ஊசி போட்டுத்தான போனீக? அப்பறம் எப்பிடிச் சாகும்? என்னத்த ஏத்துனீக, கெணத்துத் தண்ணியையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி நியாயமானது. தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதற்குள் நோய் முந்திக்கொண்டது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே செத்த மாட்டின் கழுத்தைப் பார்த்தேன். நான் ஊசி போட்ட பக்கத்தில் பழைய வீக்கம் லேசாக இருந்தது. மறுபக்கத்தில் புதிதாக இன்னொரு ஊசித் தடம். அது நான் போட்டதில்லை.

என் வாய் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு இந்த அரைமணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். அன்று நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கத்தினால் அவன் உண்மையைச் சொல்ல மாட்டான், உண்மை தெரியாமல் என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. சடையனைத் தனியாக வாய்க்கால் பக்கம் கூட்டிப்போனேன்.

"சடையா, நீ மாடுகளுக்கு நல்லதுதான் செஞ்சிருப்ப. என்ன செஞ்சன்னு மட்டும் சொல்லு."

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "நீங்க போட்டுட்டுப் போன ரெண்டாம் நாளு கழுத்தெல்லாம் வீங்கிப்போச்சு டாக்டரம்மா. கையகலத்துக்குக் கட்டி. பாக்கப் பொறுக்கல. மருந்துக்கடையில கேட்டு ஒரு பாட்டில் வாங்கியாந்து, வீக்கம் பெருசா இருந்ததுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமா ஏத்திவிட்டேன். பெருமாயி மயினிகிட்டச் சொல்லல."

பிள்ளைகளே, இந்தத் தப்பை மாட்டின் மேல் பாசம் உள்ளவன்தான் செய்வான். அடைப்பானுக்குப் போடும் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. நோய் தராதபடி சாதுவாக்கிய கிருமி, ஆனாலும் உயிருள்ளது. அது தோலுக்கடியில் கொஞ்சம் வளர்ந்தால்தான் உடம்பு அதைப் பார்த்துச் சண்டைக்குத் தயாராகும். அந்த வீக்கம் தயாராவதன் அடையாளம். சடையன் அதை நோய் என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டான். மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற வித்தியாசம் தெரியாது. தடுப்பூசிக் கிருமியைத்தான் அது முதலில் கொன்றிருக்கும். பிறகு மருந்தும் கரைந்து போனதும் மாடு வெறுங்கையோடு நின்றது.

"அப்ப நாந்தான் கொன்னுட்டேனா?" என்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"நீ ஊசி போடாம இருந்தாலும் அதுக்குள்ள எதிர்ப்பு வந்திருக்குமான்னு எனக்கே தெரியாதுப்பா. இப்ப அத விடு. எந்தெந்த மாட்டுக்குப் போட்டன்னு காட்டு, அது போதும்" என்றேன். சொன்னது உண்மை, ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். அவற்றின் கொம்பில் சுண்ணாம்பு தடவி அடையாளம் வைத்தோம்.

அதற்குள் வயல்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயம் யாரை விட்டது? "என் நெலத்துல சாவு விழுந்துருச்சு. இப்பவே மந்தைய ஓட்டிக்கிட்டுக் கெளம்பச் சொல்லுங்க டாக்டரம்மா" என்று குதித்தார். கிளம்பினால் எங்கே போகும்? ரோட்டோரம் ஊர் ஊராக, கடைசியில் காட்டுக்குள், அங்கே காட்டுமாட்டுக்கும் மானுக்கும். நான் வரப்பின் வாயில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"அண்ணே, ஒங்க பால்மாடு எந்த வாய்க்காத் தண்ணி குடிக்கிது?"

"இந்தத் தண்ணிதான்."

"அப்ப மந்தை இந்த வாய்க்கா வழியாத்தான போகும்? வழியில ஒண்ணு விழுந்தா என்ன செய்வீக? மேட்டுல இருக்கிற காஞ்ச நெலத்தக் குடுங்க. நான் சொல்றவரைக்கும் அங்கனயே நிக்கட்டும். ஒங்க மாட்டுக்கும் இன்னைக்கே தடுப்பூசி போட்டுர்றேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், அப்பா காலத்தில் வயலை ஒட்டிய ஓடையோரம் உழவு மாடுகள் செத்துப் புதைத்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றார். அந்த வருட மழையில் ஓடை உடைத்துக்கொண்டு கரையை அரித்திருந்தது. நோய் எங்கிருந்து எழுந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேட்டு நிலத்தைக் கொடுத்தார். ஆழமாகக் குழி வெட்டவும் ஆள் அனுப்பினார்.

அடுத்து வந்ததுதான் பெரிய இக்கட்டு. என்னிடம் இருந்த பென்சிலின் கொஞ்சம். மாவட்டத்திலிருந்து வர மறுநாள் ஆகும். கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: எல்லா மாட்டுக்கும் போடுங்கள். பெருமாயியும் அதையேதான் சொன்னாள். எல்லாவற்றுக்கும் போடுவது எவ்வளவு சுலபம், யோசித்துப் பாருங்கள். டாக்டரம்மா ஒன்றுவிடாமல் ஊசி போட்டார் என்று பெயர் வரும். எது செத்தாலும் என் மேல் குற்றம் இல்லை. ஆனால் இருப்பதைப் பங்கு போட்டால் நோய் கண்ட மாட்டுக்கும் போதாது. நோய் இல்லாத மாட்டின் தடுப்பூசியும் செத்துப்போகும். ஆளுக்குக் கொஞ்சம் என்று சடையன் செய்ததையே நானும் படித்துவிட்டுச் செய்ததாக ஆகும்.

"காய்ச்சல் இருக்கிற மாட்டுக்கு மட்டும். அதுக்கு முழுசா, சொன்ன நாள் வரைக்கும். மத்ததுக்குக் கெடையாது" என்றேன்.

ஒவ்வொரு மாட்டையும் மடக்கிப் பிடித்து வெப்பம் பார்த்தோம். அந்த வேலையை நான் விவரிக்கப் போவதில்லை, உதை வாங்கியவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் கண்டவற்றைப் புளியமரத்தடியில் தனியாகக் கட்டி முழு அளவில் பென்சிலின் போட்டேன். செவலையின் முறை வந்தது. கழுத்தில் வீக்கம், ஆனால் காய்ச்சல் இல்லை. பெருமாயி தொட விடாததால் சடையன் அதற்கு மருந்து ஏற்றவில்லை, கொம்பில் சுண்ணாம்பும் இல்லை. பெருமாயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும் போட்டுருங்கம்மா. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். இது போச்சுன்னா மந்தையே போச்சு."

"அதுக்காகத்தான்க்கா போட மாட்டேங்கிறேன். இதுக்குத் தடுப்பூசி நல்லா புடிச்சிருக்கு. நானே அதக் கெடுக்கணுமா?"

"இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா இந்த வேலைய விட்டுர்றேன்" என்றேன். வீம்புதான். வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை புளியமரத்தடியில் ஒரு கிடேரி செத்துக் கிடந்தது. முதல் நாள் ஊசி போட்ட மாடு, நோய் முற்றிய பிறகு மருந்து போயிருக்கிறது. ஆனால் ஜனங்களுக்கு அந்தக் கணக்கா புரியும்? முந்தின நாளைவிடக் கூட்டம். "எல்லாத்துக்கும் போட்டிருந்தா இப்பிடி ஆகுமா?" என்று என் காதுபடவே பேசினார்கள். மாவட்டத்திலிருந்து மருந்தும் வந்துவிட்டது. இல்லை என்று சொல்லித் தப்பிக்க அந்தக் காரணமும் போய்விட்டது.

அப்போதுதான் பெருமாயி மேட்டிலிருந்து ஓடிவந்தாள். செவலை படுத்துக் கிடக்கிறது, விடிந்ததிலிருந்து புல்லில் வாய் வைக்கவில்லை என்றாள்.

போய்ப் பார்த்தேன். தட்டி எழுப்பினால் எழுந்தது, ஆனால் தலையைத் தொங்கவிடாமல் விறைப்பாக நின்றது. தரையில் போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. வெப்பம் பார்த்தால் நேற்றைவிட ஒரு நூல் கூடுதல். காய்ச்சல் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். பெருமாயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் கையில் அழுந்தியது.

"போடுங்க" என்றாள்.

நோயாக இருந்து நான் போடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் செவலை இருக்காது. நோயாக இல்லாமல் நான் போட்டுவிட்டால் இன்று ஒன்றும் தெரியாது, எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அதே மண்ணில், அதே காற்றில் அது காப்பில்லாமல் நிற்கும். யோசனை கேட்க யாரும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பை வரைக்கும் கை போய்விட்டது.

அந்த நேரத்தில் என் கண் செவலையின் மூக்கில் பட்டது. ஈரமாக இருந்தது. மூச்சு நிதானமாக ஓடியது. காதைத் தொட்டேன், கொதிக்கவில்லை. பின் ஏன் தின்னவில்லை? கழுத்து வீக்கத்தை மெல்ல அழுத்தினேன். செவலை வெடுக்கென்று உதறிக்கொண்டு என்னைக் கொம்பால் தள்ளப் பார்த்தது. வீக்கம் நேற்றைவிடக் கீழே இறங்கிக் கழுத்தின் முன்பக்கம் வரை பரவியிருந்தது.

"சடையா, அந்தச் சோளத்தட்டைய எடு" என்றேன்.

ஒரு கட்டு வாங்கி அதன் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். செவலை என்னைப் பார்த்தது. தட்டையைப் பார்த்தது. பிறகு ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், நான் தடுமாறிப்போனேன். நறநறவென்று மென்றது. இன்னொரு கட்டு கொடுத்தேன், அதுவும் போனது. குனிந்தால் கழுத்து வலிக்கிறது, அதனால் தரையில் கிடந்ததைத் தின்னவில்லை. பசி இருந்தது, நோய் இல்லை.

"அட வக்காளி!" என்று கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். எனக்கும் அதுதான் வாயில் வந்தது, உத்தியோகம் தடுத்துவிட்டது.

அதோடு நான் எழுந்து போய்விடவில்லை. தின்கிற மாட்டுக்கும் நோய் வரும். அன்று முழுக்க செவலை பக்கத்திலேயே உட்கார்ந்து வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய்க் காய்ச்சலாக இருந்தால் ஏறிக்கொண்டே போகும், தடுப்பூசிச் சூடாக இருந்தால் நின்று இறங்கும் என்று கணக்கு. ஏறினால் போட ஊசியையும் மருந்தையும் தயாராகவே வைத்திருந்தேன். பெருமாயி எதிரே உட்கார்ந்திருந்தாள். வயல்காரர் வீட்டிலிருந்து வந்த சோற்றை இருவரும் தொடவில்லை. மத்தியானம் தாண்டி வெப்பம் இறங்கத் தொடங்கியது. வெயில் தாழ்ந்தபோது செவலை படுத்து, கண்ணை மூடி அசைபோட ஆரம்பித்தது.

பெருமாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோற்றுச் சட்டியை என் பக்கம் நகர்த்தி, "கல்லு நெஞ்சுக்காரி, தின்னுங்க" என்றாள். கண் முழுக்கத் தண்ணீர். எனக்கும்தான்.

புளியமரத்தடியில் இருந்த மற்ற மாடுகள் பிழைத்தன. சொன்ன நாள் வரைக்கும் ஒருநாள் விடாமல் மருந்து போட்டோம், நடுவில் தெளிந்துவிட்டதே என்று யாரையும் நிறுத்த விடவில்லை. மந்தையில் அதற்குப் பிறகு சாவு இல்லை. மருந்து ஏறிய மாடுகளுக்கும், சடையன் காட்டிய மாடுகளுக்கும் இடைவெளி விட்டுத் திரும்பவும் தடுப்பூசி போட்டேன். மேலிடத்தில் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அதை நான் பெரிதாக வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய், பக்கத்து வீடு வரைக்கும் சொன்னேன்.

ஆனால் எனக்குப் பெருமை அது இல்லை. மறு வருடம் கிடை இறங்கியது. தடுப்பூசி போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் கழித்து எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போனேன். முள்வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றி முள்ளைப் பிடுங்கிக்கொண்டு நின்றபோது உள்ளே சண்டை கேட்டது. வேறொரு மந்தைக்காரர் வந்திருக்கிறார் போலிருக்கிறது.

"என்னத்தா, இப்பிடி வீங்கிக் கெடக்கு, சும்மா பாத்துக்கிட்டு இருக்க? என்கிட்ட மருந்து இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டுருவமா?"

பெருமாயியின் குரல் எகிறியது. "ஏலே, காய்ச்ச இருக்கான்னு பாத்தியா? அசபோடுதான்னு பாத்தியா? ஒண்ணும் பாக்காம என்னத்துக்கு மருந்தத் தூக்கிட்டு வர்ற? உள்ள தடுப்பூசி வேல செஞ்சுக்கிட்டு இருக்கு. நீ போயி அதக் கெடுத்துத் தொலைச்சுறாத. நோவு வந்துச்சுன்னா டாக்டரம்மா முழுசாப் போடுவாக. வராததுக்கு ஒரு சொட்டு கெடையாது, தள்ளிப் போ!"

நான் உள்ளே போகவில்லை. முள்ளை எடுத்த பிறகும், கையில் செருப்போடு வேலிக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.